வெயிலில் ஆடும் வைப்பர்

ஜப்பானின் ஒக்கினாவாத் தீவில் கடலுக்கு மேலே நேராக நீளும் பாலத்தில் வாடகைக் காரை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இரு பக்கமும் பச்சையும் நீலமுமாய்க் கடல். லண்டனைப் போல இங்கேயும் வீதியின் இடப்பக்கம்தான் ஓட வேண்டும். இருபது வருடமாக மோர்டனில் வான் ஓட்டுகிறவனுக்கு இது என்ன பெரிய வேலை?

பாலம் முடிகிற இடத்தில், வலப்பக்கம் ஓர் ஐஸ் கடை. திரும்புவதற்குச் சிக்னல் போடுகிறேன். காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கறகறவென்று ஆடுகிறது. இங்குள்ள கார்களில் சிக்னல் லீவர் ஸ்டியரிங்கின் வலப்பக்கம்; இடப்பக்கம் இருப்பது வைப்பருக்கு. என் கை மட்டும் இன்னும் மோர்டனில்தான் இருக்கிறது.

“இஞ்சேருங்கோ, மழையே பெய்யுது?” என்கிறாள் பக்கத்தில் இருக்கும் மனைவி. காலையிலிருந்து இது ஐந்தாவது தடவை. “காணும் நீங்கள் ஓடினது. கார்த் திறப்பைத் தாங்கோ, இனி நான் ஓடுறன்.” கடை வாசலில் காரை நிறுத்தியதும், நேற்று நாஹா கடைத்தெருவில் வாங்கிய தொப்பியை இழுத்துச் சரிசெய்துகொண்டு இறங்குகிறாள்.

கடைக்காரர் இரண்டு கிண்ணங்களில் சீவிய ஐஸைக் குவித்து, மாம்பழப் பாகு ஊற்றிக்கொண்டிருக்கிறார். நாங்கள் இன்னும் வாயே திறக்கவில்லை.

“நாங்கள் வருவோம் என்று எப்படித் தெரியும்?” ஆங்கிலத்தில் கேட்கிறேன்.

அவர் பாலத்தைக் காட்டுகிறார். “வெயிலில் வைப்பர் ஆடினால், வெளிநாட்டுக்காரர் யாரோ இந்தப் பக்கம் திரும்பப் போகிறார். உடனே ஐஸ் சீவத் தொடங்கிவிடுவேன்.”

மனைவி திறப்புக்காகக் கையை நீட்டியபடி நிற்கிறாள். அந்தக் கையில் ஐஸ் கிண்ணத்தை வைத்துவிட்டு, கார்த் திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்கிறேன்.

“பாத்தியே? நான் போட்ட சிக்னல் விளங்க வேண்டிய ஆளுக்கு விளங்கியிருக்கு.”