கிளெம் தட்டிப் பார்த்த தொட்டி

முதலில் சுவரைத் தட்டுவார், பிறகுதான் வணக்கம். யார் வீட்டுக்குப் போனாலும் கிளெம் குடெர்ஹாமுக்கு இதுதான் வழக்கம். நடுவிரல் முட்டியால் இரண்டு தட்டு, காதைச் சாய்த்து ஒரு நொடி. "உள்ள காத்து இருக்கு. அடுத்த குளிருக்குள்ள விழுந்துரும்" என்று வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் நாற்காலியைத் தேடுவார். துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் தட்டியிருக்கிறார். மதுக்கடையில் கோணல்மாணலாகப் பூசிய சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்.

நாற்பத்தெட்டு வருடமாகப் பூச்சு வேலை. ஆங்கிலேய மாவட்டமான சஃபோக்கில் அவர் கரண்டி படாத ஊர் குறைவு. குட்டையான ஆள், புருவத்தில் எப்போதும் சுண்ணாம்பு. பழைய சாந்து கிடைத்தால் நாக்கில் வைத்துப் பார்ப்பார். "என் சமையலை இந்த மனுஷன் இப்படி ருசிச்சதே இல்ல" என்பார் மனைவி பெரில்.

தேவாலயத்துக்கும் அவருக்கும் ரொம்ப தூரம். ஞாயிற்றுக்கிழமை தூங்குவதற்கு. மார்ச் மாதம் மாங்க்ஸ்வெல் தேவாலயத்துக்குள் அவர் நுழைந்தது வடக்குச் சுவரில் ஏறிய ஓதத்தைப் பார்க்க. கூப்பிட்டவர் ஹில்டா கட்டிங். அந்த எழுநூறு வருடக் கட்டடத்தின் சாவியிலிருந்து கூரை ஒழுக்கு வரை எல்லாம் அவர் பொறுப்பு. கிளெமோடு ஒன்றாம் வகுப்பு படித்தவர்.

வாசலருகே ஞானஸ்நானத் தொட்டி. மூலையெல்லாம் மழுங்கி, வெள்ளையடித்து, ஊதிப்போய் நிற்கும். ஊரில் அதற்கு மாவுருண்டை என்று பெயர். அதைத் தூக்கி வெளியே கல்லறைத் தோட்டத்தில் போட்டுவிட்டு அந்த இடத்தில் ஆராதனைக்கு வருபவர்களுக்கு டீ மேடை கட்டத் திட்டம். பிஷப் அலுவலகத்து அதிகாரி வியாழக்கிழமை வந்து கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அன்று செவ்வாய்.

போகிற போக்கில் கிளெம் அதையும் தட்டினார். நின்றார். மறுபடி தட்டினார். எட்டுப் பக்கமும் சுற்றிச் சுற்றித் தட்டினார். ஓரமெல்லாம் கல்லாக ஒலித்தது, நடுவெல்லாம் பானையாக ஒலித்தது.

அடியில் ஓதத்தால் பெயர்ந்த சில்லு ஒன்று கிடந்தது. எடுத்து நாக்கில் வைத்தார். மேல்பூச்சு மாட்டு மயிர் கலந்த அருமையான சுண்ணாம்பு. அதன் முதுகில் வெறும் களிமண்ணும் பதரும். மண்ணின்மேல் சுண்ணாம்பு கெட்டியாகப் பிடிக்காது. முதல் நாள் வேலைக்காரனுக்கும் அது தெரியும். இத்தனை நல்ல கைக்காரன் எதற்கு மண்ணைப் பூசினான்? சில்லைக் கையில் பிடித்தபடியே கிளெம் கத்தினார்.

"ஹில்டா! இங்க ஓடி வா!"

"என்ன, எலியா?"

"எலி இல்லடி, இதுக்குள்ள ஆளுங்க இருக்காங்க! ராஜாவும் பாராளுமன்றமும் அடிச்சுக்கிட்டப்ப குதிரையில வந்து, சிலை வைக்கிறது பாவம்னு சர்ச் சர்ச்சா உடைச்சானுங்கல்ல? அவனுங்க வர்றதுக்கு முன்னாடி நம்மூர்க்காரன் எவனோ மூடிட்டான். பின்னால கழட்டணும்னே அடியில மண்ணு வச்சிருக்கான். முந்நூத்தி எண்பது வருஷமா ஒரு மடையனும் கழட்டலை!"

"யோவ், கையை எடு! அனுமதி இல்லாம ஒரு துளி பேர்த்தாலும் என் தலைதான் உருளும்."

"அப்ப மொத்தமா தூக்கி வெளிய போட்டா?"

"அதுக்குத்தான் அனுமதி வருதே!"

கிளெம் இரண்டு நாள் தூங்கவில்லை. வெளியே போட்டால் ஒரே பனிக்காலத்தில் மண் ஊதிவிடும். உள்ளே இருப்பதெல்லாம் தூள்தூளாகிவிடும்.

வியாழக்கிழமை அதிகாரி லாக்யர் கோப்போடு வந்தார். ஒல்லி மனிதர், மென்மையான குரல்.

"பதிவுல வெறும் கல்லுன்னுதான் இருக்கு, மிஸ்டர் குடெர்ஹாம்."

"எழுதினவன் தட்டிப் பார்த்தானா? குனிங்க சார். காதை வைங்க. கூச்சப்படாதீங்க, கடிக்காது."

லாக்யர் குனிந்தார். கிளெம் தட்டினார். ஓரம். நடு. ஓரம். நடு.

"இன்னொரு தடவை தட்டுங்க."

நாலு தடவை கேட்டுவிட்டு நிமிர்ந்தார். "ஏற்கெனவே பூச்சு விட்டுப்போன இடத்துல மட்டும் கழட்டிப் பாருங்க. என் பொறுப்பு."

கிளெம் உளியைத் தொடவில்லை. ஹில்டாவிடம் கேக் வெட்டும் கத்தியை வாங்கி, சில்லு பெயர்ந்த விளிம்பில் நுழைத்தார். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரே ஏடாகக் கையோடு வந்தது பூச்சு. மண் பொலபொலவென்று கொட்டியது. உள்ளே கல்லில் செதுக்கிய ஒரு பாதிரியார். கையில் அம்மணக் குழந்தை. கீழே இதே போல எட்டுப் பக்கத்தோடு ஒரு குட்டித் தொட்டி! மூக்கு உடையவில்லை. ஒரு விரல்கூடப் போகவில்லை. பாதிரியாரின் அங்கியில் மிளகாய்ப்பழச் சிவப்பு இன்னும் இருந்தது.

"ஐயோ, குழந்தை அழுவுது பாரு!" ஹில்டா கத்தினார். "வாயைப் பாரேன், வாயை!"

"கெட்டிக்காரன்டா! பூசினவன் கெட்டிக்காரன்!" என்று கிளெம் அதிகாரியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். கோப்பு பறந்தது. அதைப் பொறுக்கக்கூடத் தோன்றாமல் லாக்யர் வாசலுக்கு ஓடி போனில் கூவினார். "டீ மேடை கிடையாது! கிடையாதுன்னு சொல்றேன்! சிற்பம் தெரிஞ்சவங்களை உடனே அனுப்புங்க!"

அவர்கள் வந்து சேர மூன்று மணி நேரம் ஆகும். அதற்குள் மேகம் விலகி, தெற்கு ஜன்னல் வழியே வெயில் விழுந்து, தரையில் மெல்லத் தொட்டியை நோக்கி நகர்ந்தது. இத்தனை காலம் இருட்டிலும் ஈரத்திலும் கிடந்த சாயம். சட்டென்று காய்ந்தால் செதில் செதிலாகப் போய்விடும். கிளெம் கோட்டைக் கழற்றினார். ஜன்னலுக்கும் குழந்தைக்கும் நடுவே போய் நின்று, இரண்டு கையாலும் அதை அகல விரித்துப் பிடித்தார்.

ஹில்டா டீ கொண்டுவந்து நீட்டினார்.

"அங்க வை" என்றார் கிளெம், கையை இறக்காமல். வெயில் கொஞ்சம் நகர்ந்தது. அவரும் பக்கவாட்டில் ஒரு சின்ன அடி எடுத்து வைத்தார்.