சாக விடுங்கடா

எங்கள் மெல்லிசைக் குழுவில் நான் டிரம்ஸ் வாசிக்கிறேன். பாடினவன் என் கூட்டாளி. விளாங்குடிக்காரன், பகலில் மிஷன் பள்ளியில் வாத்தியார். ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோன எனக்கு ஒரு வாத்தியாரோடு ‘மாப்ள, மாப்ள’ என்று பேசிக்கொள்வதில் தனிச் சந்தோஷம்.

அந்தப் பெரிய பாடகர் இறந்த பிறகு எங்களுக்குக் கச்சேரி கூடிப்போனது. பிறந்த நாளுக்கும் மேடை, நினைவு நாளுக்கும் மேடை. இவன் பாடி இறங்கினால் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு: “அப்படியே அவரே வந்து பாடுன மாதிரி இருக்குண்ணே.” சிரித்துக்கொள்வான். ஒருநாள் வண்டியில் திரும்பும்போது சொன்னான்: “என் குரல் எப்படி இருக்கும்னே எனக்கு மறந்துபோச்சு மாப்ள.”

அதற்கப்புறம்தான் அந்த ராக் பாட்டை எழுதினான். கிடாரை உறும விட்டு அடித்தொண்டையில் கத்துகிற பாட்டு. செத்த மனுசனை ஃப்ளெக்ஸிலும் ரிங்டோனிலும் கட்டிப்போட்டிருக்கிறீர்கள், புதிதாக வாய் திறக்கிறவனை அவர் பேரைச் சொல்லியே அடைக்கிறீர்கள் என்று போகும். பல்லவி முடிகிற இடம்: ‘சாக விடுங்கடா!’

கேட்டதும் சொன்னேன்:

“கே.கே. நகர் அஞ்சலிக் கூட்டத்துல இதப் பாடுனா செருப்பு பறக்கும்டா.”

“பறக்கட்டும் மாப்ள. அந்தச் செருப்பாவது என் குரலுக்கு விழட்டும்.”

கூட்டத்தன்று சாயந்தரம் வண்டியை ரோட்டைப் பார்த்து நிறுத்தினேன். ஹெல்மெட்டைக் காலடியிலேயே வைத்துக்கொண்டேன். அவன் ஆரம்பித்ததும் கூட்டம் கப்சிப் என்றானது. பல்லவி வந்தது. “சாக விடுங்கடா!”

பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: “விடமாட்டோம்!”

அவ்வளவுதான். ஊர்வலக் கோஷத்துக்குப் பதில் சொல்லிப் பழகின கூட்டம், பிடித்துக்கொண்டது. அவன் ஆத்திரமாகக் கத்தக் கத்த, அவர்கள் அதைவிட உரக்க “விடமாட்டோம்!” என்றார்கள். செல்போன் விளக்குகள் ஆடின. ஒன்ஸ்மோர் வேறு.

கூட்டம் நடத்தினவர் ஓடிவந்து அவனுக்குச் சால்வை போர்த்தினார். “அழுதுட்டேன் தம்பி. அப்படியே அவரே பாடுன மாதிரி இருந்துச்சு.”

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். எதற்கெல்லாமோ பயந்தவன் நான். இதற்குப் பயப்பட எனக்குத் தோன்றவே இல்லை.

அதோடு அவன் மேடை ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில்கூட, எல்லோரும் பாடும்போது, கடைசி பெஞ்சில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறானாம்.

போன மாதம் கொட்டாம்பட்டியில் கச்சேரி. எனக்கு டீ கொண்டுவந்தவரின் செல்போன் அலறியது. கே.கே. நகரில் யாரோ பிடித்த என் கூட்டாளியின் பாட்டு, அவனுடைய தொண்டை, பின்னால் என் டிரம்ஸ்.

“நல்ல பாட்டுல்லண்ணே? அவரு எந்தப் படத்துல பாடுனது?”

“படமில்லண்ணே. என் கூட்டாளி எழுதிப் பாடுனது.”

அவர் சிரித்துவிட்டார். “சும்மா இருங்கண்ணே, அந்தக் குரல் நமக்குத் தெரியாதாக்கும்?”