பெல்மதுளையில் ஒரு ரெக்கோட் கழுவும் மெஷின்

ரெக்கோட் கழுவும் மெஷின் வைத்திருப்பவன் பாதி நேரம் ரெக்கோட்டைக் கழுவுவதில்லை, மெஷினைத்தான் கழுவுகிறான். ஏதாவது ஒரு மெஷினோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளில் பெல்மதுளைச் சந்தியில் எனக்கு ஒரு சின்னக் கடை. பழைய இசைத்தட்டு ரெக்கோட்டுகளைக் கசட்டில் பதிந்து கொடுப்பேன். ஊரைவிட்டுப் போன ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை இந்த மெஷினை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். ரெக்கோட் சுற்றும், நான் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பேன், வெல்வெட் ஒட்டிய ஒரு குழாய் அழுக்குத் தண்ணீரை உறிஞ்சிக் கீழே டேங்கியில் விடும். விட வேண்டும் என்பது ஏற்பாடு.

முதல் ரசிகர்

முதலில் வந்தவர் பக்கத்துத் தோட்டத்துக் கோயில் தலைவர் மாரிமுத்து. பக்திப் பாட்டு ரெக்கோட் ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். நான் உறிஞ்சும் சுவிட்சைப் போட்டேன். தேயிலை பெக்டரியையே கடைக்குள் கொண்டுவந்தது போல ஒரு இரைச்சல். அவரோ துண்டை இடுப்பில் கட்டி, கண்ணை மூடி, கைகூப்பி நின்றுவிட்டார். இது இன்னும் பாட்டு இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நிறுத்தியதும் கண்ணைத் திறந்தார். "பாட்டு நல்லாத்தான் இருக்கு தம்பி, பாடுறவருக்குத்தான் தொண்டை கட்டியிருக்கு."

வெல்வெட்

வெல்வெட் தேய்ந்துபோனால் குழாயின் விளிம்பு ரெக்கோட்டைக் கீறிவிடும். மாற்று வெல்வெட் கொழும்பிலும் இல்லை. பக்கத்துக் கடைத் தையல்காரர் நிஸ்தார் நானா, கலியாணச் சட்டை தைத்து மிஞ்சிய சிவப்பு வெல்வெட்டில் ஒரு துண்டு வெட்டித் தந்தார். ஒட்டிப் போட்டதும் டேங்கிக்குள் சிவப்புத் தண்ணீர் இரத்தம் மாதிரி ஓடியது. ரெக்கோட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. நடுவிலிருந்த வெள்ளை லேபல் மட்டும் ரோஸ் ஆகிவிட்டது. நானாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"கலியாணத் துணி தம்பி, மொத மாப்பிளைக்குச் சாயம் போகத்தான் செய்யும்."

அட்டை

ஒரு மழை மாதம் மெஷின் உறிஞ்சுவதையே நிறுத்தியது. டேங்கியைக் கழற்றினேன், மோட்டாரைத் திறந்தேன், எல்லாம் ஒழுங்கு. அந்த நேரம் பார்த்துக் கொடகவெலப் பக்கம் கொழுந்து பறிக்கும் பாக்கியம் வந்து, உறை இல்லாத ஒரு ரெக்கோட்டை நீட்டினார். எரிச்சலை அவரிடம் காட்டினேன். "அட்டை இல்லாம ரெக்கோட்டக் கொண்டாரலாமாங்க?" என்று தொடங்கி நீளமாக ஒரு பிரசங்கம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

பேசிக்கொண்டே, டேங்கியிலிருந்து பின்ஜன்னல் வழியாக வெளியே போய்ப் புல்லில் கிடந்த கழிவுக் குழாயை உள்ளே இழுத்து உதறினேன். அடைத்துக்கொண்டிருந்த ஒரு கொழுத்த அட்டை அவர் ரெக்கோட்டுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அட்டை கேட்டீங்களே, அதுவே வந்திருச்சிங்க."

போகாத சத்தம்

தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், தாய்மார் வேலைக்குப் போனதும் பிள்ளை பார்க்கும் ராசாத்தி கொண்டுவந்தது, பூஞ்சணம் பிடித்த ஒரு பள்ளிக்கூட ரெக்கோட். இருபது பிள்ளைகள் சேர்ந்து பாடியது. அதில் ஒருத்தி அவருடைய அக்கா. கலியாணமானதும் கப்பலேறி இந்தியாவுக்குப் போனவள்; சில வருஷத்தில் கடிதமும் நின்றுவிட்டது.

"அவ குரல் தனியாக் கேக்காதுங்க. இருந்தாலும் ஒரு கசட்ல போட்டுக் குடுங்க" என்றார்.

கழுவினேன். பாட்டு பளிச்சென்று வந்தது. ஆனால் இரண்டு அடிகளுக்கு நடுவே 'கக்' என்று ஒரு சத்தம். வெல்வெட்டை மாற்றினேன், தண்ணீரை மாற்றினேன், குழாயைக் கழற்றித் திரும்பப் பூட்டினேன். மூன்று தடவை கழுவியும் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் இன்னும் தெளிவாகக் கேட்டது. எனக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது.

அவர் வந்ததும் போட்டுக் காட்டினேன். அந்த இடம் வந்தபோது மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மறுபடி போடச் சொன்னார். நான் என் தொழில் அறிவையெல்லாம் எடுத்துவிட்டேன்: ரெக்கோட்டின் கோடுகளுக்குள்ளே அழுக்கு இறுகியிருக்கிறது, நாளைக்கு இன்னும் ஒரு தடவை கழுவினால் எடுத்துவிடலாம்.

அவர் அவசரமாக என் கையைத் தடுத்தார். "பாட்டுக்கு நடுவுல இருமிட்டேன்னு அவ அன்னைக்கு வீட்டுக்கு வந்து அழுதாங்க. அதக் கழுவிறாதீங்க, அதுதான் எங்க அக்கா."

பிறகு எல்லோரும் சீடிக்கு மாறிவிட்டார்கள். மெஷின் மட்டும், ஆள் இல்லாதபோது ஒழுங்காக ஓடி வாடிக்கையாளர் முன்னால் பழுதாகும் தன் கொள்கையைக் கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை.