ஸலாமுக்குப் பிறகு நாலரை நிமிடம்

மேடை கிடைத்தால் ஒரு மணித்தியாலம் மூச்சுவிடாமல் பேசுபவன் என் பள்ளித் தோழன். எம்.பி. ஆனபின் பாராளுமன்றத்தில் அவனுக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம். பின்வரிசைக்காரர்களுக்குக் கட்சி பிரித்துக் கொடுப்பது அவ்வளவுதான். அதற்குள் அவன் எதையும் சொல்லி முடிப்பதில்லை. ஏன் என்று அறிய எனக்குத் தீராத ஆவல். கல்முனையில் கணிதம் படிப்பிப்பவன் நான். எதையும் அளந்து பார்த்தால்தான் மனம் ஆறும்.

அவனுடைய பழைய உரைகளைப் போனில் ஓடவிட்டு நேரம் குறித்தேன். சிரிப்பு வந்துவிட்டது. ஸலாம், சபாநாயகருக்கு வணக்கம், அமைச்சர்கள் ஒவ்வொருவருக்கும் வணக்கம், தலைவருக்கு நன்றி, வாக்களித்தவர்களுக்கு நன்றி. எங்கள் ஊர்க் கூட்டத்தில் மேடையில் இருப்பவர் ஒருவரை விளிக்காமல் விட்டாலும் வருஷக்கணக்கில் மனஸ்தாபம் நிற்கும். அந்தப் பயத்தை அப்படியே பாராளுமன்றத்துக்கும் கொண்டுபோயிருந்தான். மூன்று நிமிடம் மரியாதைக்கே செலவு!

“மச்சான், ஸலாமோட நிப்பாட்டு,” என்றேன்.

“பெரிய ஆக்கள் பிழையா நினைப்பாங்கடா.”

“உனக்கு வோட்டுப் போட்ட வரிப்பத்தான்சேனை ஆக்கள் என்ன நினைப்பாங்க?”

அவன் உரைத் தாளை என் பக்கம் தள்ளினான். வரிப்பத்தான்சேனையில் ஒரு மடைக்கதவு உடைந்து, கடைசி வயல்களுக்குத் தண்ணீர் போகாமல் கிடந்தது. விதைப்பு நெருங்கிவிட்டது. நீர்ப்பாசன விவாதத்தில் அதைக் கேட்பதென்று முடிவுசெய்து, உரையை வெட்டிச் சுருக்கினோம்.

விவாதத்தன்று பகல் அந்த ஊர் வட்டவிதானையும் என் வீட்டுக்கு வந்து நேரலை பார்த்தார். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடுபவர் அவர்தான். தோழன் எழுந்தான், ஸலாம் சொன்னான், பிறகு பேசாமல் நின்றான். செக்கன்கள் ஓடின. அப்புறம்தான் கவனித்தேன்: சிங்கள மொழிபெயர்ப்புக் கேட்கும் கருவியை நீர்ப்பாசன அமைச்சர் காதில் மாட்டியிருக்கவில்லை. அவர் மாட்டும்வரை காத்திருந்துவிட்டு, நேரே மடைக்கு வந்தான்.

அமைச்சர் இடைமறித்துச் சிங்களத்தில் கேட்டார்: “எந்த வாய்க்கால்? எத்தனையாவது கதவு?”

அந்த விவரத்தை நேரம் போதாதென்று வெட்டியவன் நான்தான். யாராவது திருப்பிக் கேட்பார்கள் என்பது என் கணக்கிலேயே இருக்கவில்லை. வெட்கமாகப் போயிற்று. தோழனோ தாளைக் கீழே வைத்துவிட்டு, உடைந்த பலகையின் அகலத்தைக் கைகளை விரித்துக் காட்டி, வாய்க்காலையும் கதவையும் சொன்னான். அவன் போய்ப் பார்த்திருக்கிறான், எனக்குத்தான் தெரியாது. அந்த வாரமே பொறியியலாளரை அனுப்புவதாக அமைச்சர் சொன்னார்.

வட்டவிதானை கதிரையை விட்டு எழுந்தேவிட்டார்.

“மந்திரி திருப்பிக் கேட்டாரே சேர்! எத்தனை வருஷமா நம்மட ஆக்கள் அங்க போய்க் கதைக்காங்க. ஒருத்தரும் ஒண்டும் கேக்கல்லயே.”