ஆணி அடிக்காத நடுப்பலகை

உதுமாலெவ்வைக் காக்கா மௌத்தாகிவிட்டார் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மரண அறிவித்தல் கேட்டபோது நான் கல்முனைச் சந்தையில் நின்றேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் இன்னாலில்லாஹி சொன்னார். சொன்ன கையோடு என்னைப் பார்த்து, "சின்னராசாட தோணிக்குத் தளம் போட்டு அவனக் கடலுக்குக் குடுத்த மரவேல ஓடாவிதானே?" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மீனை வாங்காமல் வந்துவிட்டேன். அவரைக் கோபித்து என்ன பயன்? அந்தக் கதையை ஊருக்கு எழுதிக் கொடுத்தவனே நான்தான்.

காக்காவை அறிந்த உங்களுக்குச் சூறாவளிக்குப் பிந்திய நாட்கள் நினைவிருக்கும். மரத்தோணிகள் உடைந்துபோன இடத்துக்கு நிவாரணமாகச் சின்ன அலுமினியத் தோணிகள் வந்தன. பார்க்க அழகு. ஏறி நின்றால்தான் சங்கதி தெரியும். அடி குறுகி, குறுக்கே சட்டம் சட்டமாக இருக்கும். கால் ஊன்றி வலை இழுக்க முடியாது. வெயில் ஏறினால் பாதம் பொசுங்கும். கறிச்சட்டி என்று ஊர் அதற்குப் பெயர் வைத்துச் சிரித்தது. காக்கா மட்டும் ஒன்றுக்குள் இறங்கி, இடுப்பில் கையை வைத்து நின்று பார்த்துவிட்டு, "சட்டிக்குள்ள ஒரு தட்டு வெச்சாச் சரி" என்றார்.

அப்படித்தான் அவர் தோணிக்குள் கால் ஊன்றி நிற்கத் தளம் போடத் தொடங்கினார். பாரமில்லாத மலைவேம்புப் பலகை. உலோகமும் மரமும் உரசாமல் இடையில் பழைய சைக்கிள் டியூப். எல்லாப் பலகையையும் இறுக்குவார், நடுப்பலகையை மட்டும் விட்டுவிடுவார். அதில் ஒரு கயிற்று வளையம் இருக்கும். பிடித்துத் தூக்கினால் அடியில் சேர்ந்த தண்ணீரைப் பார்த்து இறைக்கலாம். தோணிக்காரன் தன் கையால் பத்துத் தரம் தூக்கிக் காட்டாமல் தோணியைக் கொடுக்கமாட்டார். "பொஞ்சாதிட முகத்தப் பாக்காட்டியும் பரவாயில்ல மனே, இதத் தூக்கிப் பாத்திட்டுப் போங்க. காலுக்குக் கீழ என்ன நடக்குதெண்டு பாக்க ஏலாத தோணில ஏறப்படாது" என்பார்.

பிறகு மீனவர் சங்கத்துக்கு இன்னும் பத்துத் தோணிகள் வந்தன. நான் அங்கே கிளாக்கர். தளம் போடும் வேலையைச் செயலாளர் தன் மச்சானுக்குக் கொடுத்தார். மச்சானுக்கு மலைவேம்பு எதற்கு? சூறாவளியில் விழுந்த தென்னை ஊரெல்லாம் கிடந்ததே! தென்னம்பலகையை அறுத்துப் போட்டு, நடுப்பலகைக்கும் ஆணி அடித்து, இடைவெளியெல்லாம் தார் பூசி மூடினார்கள். காரணம் கேட்டால் இன்றைக்கும் வயிறு எரியும். கையளிக்கும் நாளில் பெரிய அதிகாரிகள் தோணியில் ஏறி நின்று படம் எடுப்பார்களாம். கயிற்று வளையம் அவர்களுடைய சப்பாத்தில் தடக்குமாம்.

காக்கா தான் செய்த ஒரு நடுப்பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சங்கத்துக்கு வந்து, அதை என் மேசையில் வைத்தார். "அவங்க போடுற பலகையும் பாரம். அடியில தண்ணி சேந்தாலும் தெரியாது. ஆக்கள் சாவாங்க" என்றார்.

"நீங்க ஓடாவி காக்கா. எஞ்சினியர் இல்ல" என்றார் செயலாளர். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூன்றாம் மாதம், அந்தப் பத்தில் ஒரு தோணி கிடைத்த பாண்டிருப்புச் சின்னராசா செத்தான். கரைக்குத் திரும்பி வரும்போது, அலை முறியும் இடத்தில் தோணி மூக்கைத் தூக்காமல் அப்படியே அமிழ்ந்தது. கூடப் போய் நீந்தித் தப்பியவன், "தளம் காஞ்சுதான் கிடந்த. தோணிதான் எழும்பல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். ஒரு கீறல் வழியாகத் தண்ணீர் தளத்துக்கு அடியில் நிறைந்திருக்கிறது. தூக்கிப் பார்க்கக்கூடிய பலகை இல்லை.

செயலாளர் சொல்லச் சொல்ல நான் அறிக்கை எழுதினேன். 'உதுமாலெவ்வை என்பவர் புகுத்திய தளமிடும் முறையே விபத்துக்குக் காரணம்.' என் கையெழுத்து அழகானது என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த அழகான எழுத்தில் எழுதி, அறிவிப்புப் பலகையில் நானே ஒட்டினேன்.

மறுநாள் காலை காக்கா பலகை நெம்பும் அலவாங்கோடு கடற்கரைக்குப் போனார். மிச்சம் ஒன்பது தோணிகளின் நடுப்பலகையையும் கிளப்பத் தொடங்கினார். தோணிக்காரர்கள் அடிக்க ஓடிவந்தார்கள். "அடிக்கிறெண்டா அடிங்க. பலகை எழும்பின பொறகு அடிங்க" என்றாராம். நான்காவது தோணியில் பலகை எழும்பியபோது அடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. ஓங்கிய கைகள் இறங்கின. ஒன்பதையும் கிளப்பிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். ஆனால் அவருக்காக ஒருவன் வாய் திறந்தானா? இல்லை. அறிக்கை ஒட்டிய இடத்திலேயே இருந்தது. அதற்குப் பிறகு யாரும் அவரிடம் தளம் போடக் கொடுக்கவில்லை.

என்னிடம் அவர் ஒரே ஒரு தரம்தான் அதைப் பற்றிக் கேட்டார். "அந்தச் செயலாளர் சொன்னான், சரி. நீ என்னத்துக்குடா எழுதின?" உத்தியோகம் போய்விடும் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. அவர் பதிலுக்குக் காத்து நிற்காமல் போய்விட்டார்.

காக்காவை அடக்க எடுத்துப்போன மையவாடியில் அதே செயலாளர் எழுந்து, "நம்மட ஊர் தந்த மேதை" என்று பேசினார். கண்ணையும் துடைத்தார். ஜனாஸாவுக்கு முன்னால் சத்தம் போடக்கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அன்று பின்னேரமே பாண்டிருப்புக்குப் போய், சின்னராசாவின் மனைவியிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் சொன்னது இதுதான்:

"ரெண்டு தரம் ரோட்டில கண்டு அந்த மனிசன்ட முகத்துக்கு நேர துப்பியிருக்கன். அவர் ஒண்டும் கதைக்கல்ல. இதச் சொல்ல அவர் சாகோணுமா?"

என்னிடம் இருப்பது, அன்று அவர் என் மேசையில் வைத்துவிட்டுப் போன நடுப்பலகை. கயிற்று வளையம் இன்னும் அறவில்லை. அதன்மேல் தாளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அந்த அறிக்கையைப் படித்தவர்கள் எல்லோரும் இதையும் படியுங்கள். சின்னராசாவின் தோணிக்குத் தளம் போட்டது உதுமாலெவ்வைக் காக்கா அல்ல. அவர் போட்ட தளத்தில் நின்ற ஒருவரும் சாகவில்லை. பொய் எழுதியது நான்.