சம்பந்தி காருக்கு நான் கட்டிய லாரிப் பட்டை

நாமக்கல்லில் நான் கட்டிய லாரி பாடிகள் இன்னும் வடநாட்டு ரோடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. போர்வெல் போடும் ரிக் வண்டிக்குச் சட்டம் அடித்தது, முட்டை வண்டிக்குத் தட்டு அமைத்தது, கடன் கொடுக்க ஆளில்லாத காலத்தில் ஓலைக் கொட்டகையில் வெல்டிங் பட்டறை போட்டது, எல்லாம் நான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் கண்ணால் அளந்தால் நூல் பிசகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவது எனக்குத் தலைகுனிவு.

என் மகளின் மாமனாருக்கு ஆத்தூரில் ஜவ்வரிசி ஆலை. அவருடைய அப்பா ஓட்டிய சீமைக் கார் ஆலைக்குப் பின்னால் கோழி அடைந்து கிடந்தது. சேலத்தில் நடக்கும் பழைய கார் கண்காட்சியில் அதை நிறுத்த வேண்டும் என்று அவருக்கு ஆசை.

"வெளிய எதுக்குங்க குடுக்கறீங்க? நான் எதுக்கு இருக்கறேன்?" என்று நானே இழுத்து வந்து, வீட்டு வாசலில் தகரக் கூரை போட்டு வேலையை ஆரம்பித்தேன்.

இறுகிப்போன என்ஜினை டீசல் ஊற்றி ஊறவைத்து அசைத்தேன். தண்ணீர் பம்ப் எங்கேயும் கிடைக்கவில்லை. லேத்தில் கடைந்து நானே செய்தேன். என்ஜின் புகை கக்கிப் பிடித்த அன்று, போனில் அந்தச் சத்தத்தைக் கேட்டே சம்பந்தி அழுதுவிட்டார். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

லாரிக்காரன் கை சும்மா இருக்குமா? பின்பக்க ஸ்பிரிங் எனக்கு ஒல்லியாகத் தெரிந்தது. பாரம் ஏற்றும் வண்டிக்குச் செய்வதுபோல இன்னும் சில இரும்புப் பட்டைகளைச் சேர்த்துக் கட்டினேன். பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. எனக்கு அது கம்பீரமாகப் பட்டது. ஏர் ஹாரன் வைத்து, பம்பரில் மஞ்சள் கோடும் இழுத்தேன். சம்பந்தியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கண்காட்சியில் வண்டிகளைச் சோதிக்க வந்த பெண் குனிந்து அடியில் பார்த்தாள்.

"இதுல எத்தனை டன் ஏத்துவீங்க சார்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பழைய கார் பழையபடியே இருந்தால்தான் இங்கே நிற்கலாம் என்று சொல்லி, வண்டியை வெளியே எடுக்கச் சொல்லிவிட்டாள்.

சம்பந்தி திட்டியிருந்தால் தேவலை. "விடுங்க சம்பந்தி. எங்கப்பா பார்த்திருந்தா ஆலைக்கு நாலு மூட்டை கெழங்கு ஏத்திக்கிட்டுத்தான் கெளம்பியிருப்பாரு," என்றார்.

மகள் மட்டும் என் காதோரம் வந்து, "ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாமில்லீங்கப்பா? அந்த ஊட்ல நான் எப்படி மொகத்தக் காட்டறது?" என்றாள்.

ஆத்தூருக்கு நானே ஓட்டிப் போனேன். அயோத்தியாப்பட்டணம் தாண்டியும், ஒவ்வொரு குழியிலும் பின்சீட்டில் சம்பந்தியின் தலை கூரையில் இடிப்பது கண்ணாடியில் தெரிந்தது. மனுஷர் ஒரு கையைக் கூரைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டார்.

பிறகு கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் என் பட்டைகளைக் கழற்றினார்கள், ஹாரனைப் பிடுங்கினார்கள், மஞ்சள் கோட்டைச் சுரண்டினார்கள். இந்த வருஷம் கண்காட்சியில் அந்தக் கார் நின்றது. நான் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்த் தூரத்தில் நின்று பார்த்தேன். முன்னால் வைத்த பலகையில் அந்தப் பட்டறையின் பெயர் மட்டும் இருந்தது. என்ஜினை அவர்கள் தொடவே இல்லை என்று மகள் சொன்னாள்.

சம்பந்தி, நேரில் கேட்க எனக்கு முகமில்லை, அதனால் எழுதுகிறேன். அடுத்த தடவை அந்தப் பலகையில் என் பெயரையும் போடுங்கள். என்ஜினை ஓட வைத்தவன் என்று போடுங்கள். ஸ்பிரிங்கைக் கெடுத்தவனும் இவன்தான் என்று சேர்த்துப் போட்டாலும் மறுக்கமாட்டேன். ஆனால் என்ஜின் முதல் வரியில் வர வேண்டும்.