நான் வராத நாள்களின் பால்

குழந்தைகளை எடை பார்க்கும் தராசை அவள் வீட்டு வேப்பமரக் கிளையில்தான் கட்டுவேன். துணித்தொட்டிலில் குழந்தையைப் படுக்கவைத்ததும் முள் ஆடி நிற்கும். அவளுடைய பெண்குழந்தைக்கு மட்டும் அது போன மாதம் நின்ற இடத்தைத் தாண்டவே இல்லை. திருச்சுழிக்கு அருகே கிராமச் சுகாதாரச் செவிலியராக நான் சேர்ந்த இரண்டாவது வருடம் அது. பயிற்சியில் படித்ததை எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பேன்: ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும், புட்டி கூடவே கூடாது. அவளிடமும் அதையே சொன்னேன், கடுமையாகவே. என்னைவிட மூன்று வயது இளையவள். பிரசவத்தில் நிறைய ரத்தம் போய், உயிர் பிழைத்து வந்தவள். நான் பேசி முடிக்கும்வரை தலை நிமிரவில்லை. குழந்தை அழுதுகொண்டே இருந்தது. நான் போகும்போதெல்லாம் அது அழும். சுபாவமே அப்படி என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் பதிவேட்டை அங்கேயே மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பினேன். அவளுடைய கணவர் லாரி ஓட்டப் போயிருந்தார். மாமியார் மல்லிக்காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தார். வீட்டில் யாரையும் காணாமல் கொல்லைப்பக்கம் போனேன். மாட்டுக்கொட்டத்தில், வைக்கோலுக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை, கையில் புட்டி. குழந்தை மூச்சுவிடக்கூட நிறுத்தாமல் குடித்துக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் புட்டியைப் பிடுங்கி முந்தானைக்குள் மறைத்தாள். குழந்தை வீரிட்டது.

"குடு. முதல்ல அவ குடிக்கட்டும்" என்றேன்.

குடித்து முடிக்கும்வரை நானும் அந்தத் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் அவள் வாய் திறந்தாள்.

"எனக்குப் பாலு பத்தல நர்சக்கா. நீங்க வார அன்னைக்கு மட்டும் இதைக் குடுக்க மாட்டேன். வாயில பவுடர் வாடை அடிச்சா கண்டுபிடிச்சிருவீகளேன்னு பயம்."

எத்தனை கரண்டி பவுடர் போடுகிறாய் என்று கேட்டேன். டப்பாவில் எழுதியிருந்த அளவில் பாதிதான் போட்டுவந்தாள். கெட்டியாக இருந்தால் பிஞ்சு வயிற்றுக்குச் செரிக்காது என்று தானாகவே நினைத்துக்கொண்டிருக்கிறாள். யாரிடம் கேட்பாள்? அவள் கேட்டிருக்க வேண்டிய ஆள் நான். என்னிடமிருந்துதான் அவள் ஒளிந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் இருவரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். மருத்துவர் அவளைத் திட்டவில்லை. முதலில் இரண்டு மார்பிலும் குடிக்க விடட்டும், பசி மிச்சமிருந்தால் பவுடர் பாலைச் சரியான அளவில் கொடுக்கட்டும் என்றார். அதன்பின் இரண்டு வாரம் தினமும் அவள் வீட்டுக்குப் போனேன். தண்ணீரைக் கொதிக்கவைத்ததும், கரண்டியில் பவுடரைத் தலைதட்டி அளந்ததும், புட்டியை வெந்நீரில் போட்டெடுத்ததும் நாங்கள் இருவரும் சேர்ந்துதான். வைக்கோலுக்குப் பின்னாலிருந்த புட்டி அடுப்படிக்கு வந்துவிட்டது.

அப்படி ஒரு மத்தியானம், நான் புட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டாள்: "பாதிப் பாலுதான் என்னுதுன்னா, நான் பாதி அம்மாதானாக்கா?"

வயிறு நிறைந்த பிறகும் அவள் மார்பை விடாமல் பற்றியபடி தூங்கிப்போயிருந்த குழந்தையைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் முள் நகர்ந்தது. அதற்கடுத்த மாதம் நன்றாகவே நகர்ந்தது. ஒன்றரை வயதுவரை அந்தக் குழந்தை தாய்ப்பாலும் குடித்தது. வேலை இல்லாத நாளிலும் அவள் வீட்டுப் பக்கம் போகத் தொடங்கியிருந்தேன். பணிக்கு வந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே சிநேகிதி அவள்தான்.

பிறகு அவர்கள் திருப்பூருக்குக் குடிபோனார்கள். கிளம்பும் நாளில் எனக்கு வீரசோழனில் தடுப்பூசி முகாம். பூட்டியிருந்த என் துணை சுகாதார நிலையத்தின் வாசலில் குழந்தையோடு நெடுநேரம் காத்திருந்துவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிப் போயிருக்கிறாள். பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். சில மாதங்களில் அவளுடைய கைப்பேசி எண்ணும் மாறிவிட்டது.

இப்போதெல்லாம் புதிதாகப் பிரசவித்த வீட்டுக்குப் போனால், தாய்ப்பாலைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் "பால் பத்துதாம்மா?" என்றுதான் கேட்கிறேன். பலர் தயங்கித் தயங்கி ஆமாம் என்கிறார்கள். அந்த ஆமாம் உண்மையா என்று தெரியும்வரை எழுந்திருப்பதில்லை. வீட்டில் புட்டி இருந்தால் அதையும் எடுத்துவரச் சொல்லிப் பார்க்கிறேன்.

அந்தப் பெண்குழந்தை இப்போது எட்டாம் வகுப்புப் படிப்பாள். திருப்பூரில்தான் இருப்பாள் என்று தெரிந்தும், அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் சீருடையில் பிள்ளைகள் இறங்கும்போது நின்று பார்க்கிறேன். அவளுடைய இப்போதைய முகம் எனக்குத் தெரியாது. அவளுடைய அம்மாவின் முகத்தைத்தான் தேடுகிறேன். நான் வந்த நாள்களில் எல்லாம் அந்தக் குழந்தை பசியோடு கிடந்ததே, அதற்காக நான் என் சிநேகிதியிடம் மன்னிப்பாக ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். பக்கத்திலேயே இருந்த காலத்தில் சொல்லவில்லை.